கரிசல் வட்டாரத் திருவிழாக்களும் கலைகளும்

கரிசல் வட்டாரத் திருவிழாக்களும் கலைகளும் என்பது தமிழ்நாட்டின் தென்பகுதியில் கோவில்பட்டியை நடுவாகக் கொண்ட கரிசல் மண் வானம் பார்த்த பூமியில் ஆண்டு முழுவதும் நிகழும் கோயில் விழாக்கள், உழவுச் சடங்குகள், நாட்டார் கலைகள், பண்பாட்டு நிகழ்வுகள் ஆகியவற்றைக் குறிக்கும். தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், கயத்தாறு வட்டங்களும், அவற்றை ஒட்டிய விருதுநகர், தென்காசி மாவட்டங்களின் கரிசல் ஊர்களும் இவ்வட்டாரத்தில் அடங்கும். இப்பகுதியின் விழா நாட்காட்டி பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையையும் அதையொட்டிய மானாவாரி வேளாண்மையையும் சார்ந்து அமைந்துள்ளது.

நிலமும் பருவமும்

கரிசல் மண் களித்தன்மை மிகுந்தது. கோடையில் காய்ந்து ஆழமாக வெடிக்கும். மழையில் குழைந்து காலிலும் சக்கரத்திலும் ஒட்டிக்கொள்ளும். ஈரத்தை நெடுநாள் தக்கவைத்துக்கொள்ளும் இயல்பு இதற்கு உண்டு. ஆகவே ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் மழையின் ஈரத்தைக் கொண்டே பயிர்கள் தை, மாசி வரை விளைகின்றன. இவ்வட்டாரத்தின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் ஆகும். அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையாகக் கிடைக்கிறது.

பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, பாசிப்பயறு, மிளகாய், மல்லி ஆகியன இங்குள்ள மரபான பயிர்கள். அண்மைக் காலங்களில் மக்காச்சோளம் பெருமளவில் பயிரிடப்படுகிறது. கோவில்பட்டியில் 1901ஆம் ஆண்டு முதல் இயங்கி வரும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் பருத்தி உள்ளிட்ட மானாவாரிப் பயிர்களுக்கான ஆய்வு நிலையமாகும்.

இந்த மண்ணின் இயல்பு விழாக் காலத்தையும் தீர்மானிக்கிறது. புரட்டாசி முதல் மார்கழி வரை விதைப்பு, களையெடுப்பு, காவல் என வேலைகள் தொடர்வதாலும், மழைக்காலத்தில் கரிசல் பாதைகளில் வண்டிகள் செல்வது கடினம் என்பதாலும் சிற்றூர்களில் பெரிய விழாக்கள் இக்காலத்தில் குறைவு. அறுவடை முடிந்து தானியமும் பணமும் கைக்கு வந்த பின்னர், மாசி முதல் வைகாசி வரையிலான காலத்தில்தான் ஊர்ப் பொங்கல், கொடை ஆகியவை மிகுதியாக நடைபெறுகின்றன.

ஆண்டுச் சுழற்சி

* சித்திரை: மாதத் தொடக்கத்தில் நல்ல நாள் பார்த்துப் பொன்னேர் பூட்டும் சடங்கு நடைபெறும். ஊரார் கூடி ஏர்களைப் பூட்டி, ஆண்டின் முதல் உழவைச் சடங்காகத் தொடங்குவர். ஊர்த் தெய்வங்களுக்குப் பொங்கலும் கொடையும் நடைபெறும் மாதமும் இதுவே.
* வைகாசி, ஆனி: கோடை மழை கிடைத்தால் உழவு தொடரும். எஞ்சிய கொடை விழாக்கள் நடைபெறும்.
* ஆடி: அம்மன் கோயில்களுக்கு உரிய மாதம். இருக்கன்குடி, சங்கரன்கோவில் ஆகிய ஊர்களுக்கு மக்கள் பெருந்திரளாகச் செல்வர்.
* ஆவணி, புரட்டாசி: நிலத்தை விதைப்புக்கு ஆயத்தம் செய்யும் காலம். மழை தாமதித்தால் மழைச் சடங்குகள் நிகழ்த்தப்படும்.
* ஐப்பசி: தீபாவளி, கந்த சஷ்டி, கோவில்பட்டி செண்பகவல்லி அம்மன் திருக்கல்யாணம் ஆகியன நிகழும்.
* கார்த்திகை: திருக்கார்த்திகையன்று கோயில்களின் முன் சொக்கப்பனை கொளுத்தப்படும். பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கித் துணியில் பொதிந்து தீயிட்டுச் சுழற்றும் 'மாவளி' சிறுவர்களின் விளையாட்டாகும். பனையோலையில் மாவைப் பொதிந்து அவித்த கொழுக்கட்டை அன்றைய சிறப்பு உணவு.
* தை: பொங்கலுக்கு முந்தைய நாள் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ ஆகியவற்றைச் சேர்த்து வீட்டிலும் காட்டிலும் காப்புக் கட்டுவர். பொங்கலன்று பனங்கிழங்கும் கரும்பும் படையலில் இடம்பெறும்.
* மாசி: மகா சிவராத்திரியன்று குடும்பங்கள் தத்தம் குலதெய்வக் கோயிலில் கூடுவர்.
* பங்குனி: கோவில்பட்டி, கழுகுமலை ஆகிய ஊர்களில் தேரோட்டம் நடைபெறும். பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயில்களில் வழிபாடு நிகழும்.

முதன்மையான திருவிழாக்கள்

கோவில்பட்டி: பூவனநாத சுவாமி உடனுறை செண்பகவல்லி அம்மன் கோயில் நகரின் நடுவே அமைந்துள்ளது. பங்குனிப் பெருந்திருவிழாவும் ஐப்பசித் திருக்கல்யாணமும் இக்கோயிலின் இரு பெரிய விழாக்கள். பங்குனி விழா கொடியேற்றத்துடன் தொடங்கித் தேரோட்டம், தெப்பத் திருவிழா ஆகியவற்றுடன் நிறைவுறுகிறது. ஒவ்வொரு நாள் நிகழ்ச்சியையும் ஒவ்வொரு சமூகத்தினர் பொறுப்பேற்று நடத்தும் மண்டகப்படி முறை இங்கு நிலவுகிறது.

கழுகுமலை: கழுகாசலமூர்த்தி கோயில் மலையைக் குடைந்து அமைக்கப்பட்ட முருகன் கோயிலாகும். அதே மலையில் கி.பி. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி நிறைவுறாது விடப்பட்ட பாண்டியர் காலத்து வெட்டுவான் கோயிலும், சமணச் சிற்பங்களும் உள்ளன. தைப்பூசம், பங்குனி உத்திரம், கந்த சஷ்டி ஆகியன இங்கு சிறப்பாகக் கொண்டாடப்படுகின்றன. கந்த சஷ்டியின் போது சூரசம்ஹாரத்துக்கு முந்தைய நாள் தாரகாசுரன் வதமும் நிகழ்த்தப்படுகிறது. கழுகுமலையின் மாட்டுத் தாவணி ஒரு காலத்தில் தென்மாவட்டங்களின் பெரிய கால்நடைச் சந்தைகளுள் ஒன்றாக விளங்கியது.

இருக்கன்குடி: சாத்தூருக்கு அருகே அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் கூடும் இடத்தில் அமைந்த மாரியம்மன் கோயில். ஆடி மாதக் கடைசி வெள்ளி இங்கு பெருந்திருவிழா நாள். கரிசல் ஊர்களிலிருந்து மக்கள் நடந்தும் வண்டி கட்டியும் வந்து ஆற்று மணலில் தங்கிப் பொங்கலிடுவது நீண்டகால வழக்கம். அக்கினிச் சட்டி எடுத்தல், கண் நோய் தீர வேண்டுதல் ஆகியன இங்குள்ள நேர்த்திக்கடன்கள்.

சங்கரன்கோவில்: கரிசல் வட்டாரத்தின் மேற்கு விளிம்பில் உள்ள சங்கரநாராயண சுவாமி கோயிலில் ஆடித்தபசு விழா நடைபெறுகிறது. அரியும் அரனும் ஒன்றே என்பதைக் காண வேண்டிக் கோமதி அம்மன் தவமிருந்த கதையை அடிப்படையாகக் கொண்டது இவ்விழா. சிவனும் திருமாலும் ஓருருவாகக் காட்சி தருவது விழாவின் உச்ச நிகழ்வாகும்.

காமநாயக்கன்பட்டி: கோவில்பட்டிக்கு அருகிலுள்ள இவ்வூரின் பரலோக மாதா ஆலயத் திருவிழா ஆகஸ்ட் 15ஆம் நாள் தேர்ப் பவனியுடன் நிறைவு பெறுகிறது. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வூரில் பணியாற்றியுள்ளார். பிற சமயத்தவரும் இவ்விழாவில் கலந்துகொள்கின்றனர்.

பாஞ்சாலங்குறிச்சி: வீரபாண்டிய கட்டபொம்மனின் குலதெய்வமான வீரசக்கதேவிக்குச் சித்திரை மாதத்தில் விழா எடுக்கப்படுகிறது. கட்டபொம்மன் 1799ஆம் ஆண்டு அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். ஆங்கிலேயர் தரைமட்டமாக்கிய கோட்டையின் நினைவாக 1974ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு இங்கு நினைவுக் கோட்டையை எழுப்பியது. விழாவின் போது பல ஊர்களிலிருந்து தொடர் ஓட்டமாகச் சோதி கொண்டுவரப்படுகிறது.

முளைப்பாரியும் மழைச் சடங்குகளும்

அம்மன் பொங்கலின் இன்றியமையாத பகுதி முளைப்பாரி ஆகும். காப்புக் கட்டிய பின்னர்ப் பெண்கள் வீடுதோறும் தானியங்களும் பயறுகளும் திரட்டி, மண்ணும் எருவும் இட்ட ஓடுகளில் விதைத்து, வெளிச்சம் படாத அறையில் வைத்து வளர்ப்பர். இரவுதோறும் அதைச் சுற்றிக் கும்மி கொட்டுவர். வெயில் படாததால் முளைகள் வெளிர் மஞ்சள் நிறத்துடன் உயர்ந்து வளரும். விழா நாளன்று ஊர்வலமாக எடுத்துச் சென்று கண்மாயிலோ கிணற்றிலோ கரைப்பர். முளையின் செழிப்பு வரும் ஆண்டின் விளைச்சலைக் காட்டும் என்பது நம்பிக்கை. வீடுகளில் சேமித்த விதையின் முளைப்புத்திறனை விதைப்புக்கு முன்னர் அறியும் வழியாகவும் இச்சடங்கு இருந்திருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

மழை பொய்க்கும் ஆண்டுகளில் வேறு சில சடங்குகள் நிகழ்த்தப்பட்டன. வீடுவீடாகத் தானியம் வாங்கிப் பொது இடத்தில் கஞ்சி காய்ச்சிப் பகிர்ந்துண்பது மழைக்கஞ்சி எனப்படும். வைக்கோலாலும் துணியாலும் கொடும்பாவி செய்து, ஒப்பாரி வைத்துத் தெருக்களில் இழுத்துச் சென்று ஊர் எல்லையில் எரிப்பது மற்றொன்று. பஞ்ச காலத்தில் உள்ளவரிடமிருந்து தானியத்தைத் திரட்டி இல்லாதவருக்கும் உணவு கிடைக்கச் செய்தது மழைக்கஞ்சிச் சடங்கின் பயனாகும்.

நிகழ்த்து கலைகள்

தேவராட்டம்: இராசகம்பள நாயக்கர் சமூகத்தின் மரபான ஆட்டம். எட்டயபுரத்துக்கு அருகேயுள்ள ஜமீன் கோடாங்கிபட்டி இக்கலைக்குப் பெயர்பெற்ற ஊராகும். தேவதுந்துமி என்னும் இசைக்கருவியின் தாளத்துக்கேற்பக் காலில் சலங்கையும் கைகளில் துணியும் கொண்டு ஆடுவர். இதற்குப் பாடல் இல்லை. தாளமே அடவை மாற்றும். முன்னர் அச்சமூக ஆண்கள் மட்டும் கோயில், திருமணம், இறப்பு நிகழ்வுகளில் ஆடினர். தற்போது பள்ளி, கல்லூரி மாணவ மாணவியரும் கற்று மேடைகளில் ஆடுகின்றனர்.

ஒயிலாட்டம்: வரிசையாக நின்று கையில் துணியை வீசி, பாடலுக்கேற்ப ஆடும் ஆட்டம். இராமாயணக் கதை, முருகன் கதை, கட்டபொம்மன் கதை ஆகியன பாடப்படுகின்றன. தேவராட்டத்திலிருந்து இதை வேறுபடுத்துவது பாடலாகும்.

வில்லுப்பாட்டு: வில், குடம், உடுக்கை, கட்டை, தாளம் ஆகியவற்றுடன் கதை சொல்லும் கலை. கொடை விழாக்களில் அந்தந்தத் தெய்வத்தின் கதை பாடப்படும். சாத்தூர் பிச்சைக்குட்டி இவ்வட்டாரத்தின் புகழ்பெற்ற வில்லிசைக் கலைஞர் ஆவார்.

கரகாட்டமும் நையாண்டி மேளமும்: நாகசுரம், தவில், பம்பை, உறுமி, தமுக்கு ஆகியன சேர்ந்தது நையாண்டி மேளம். பங்குனி, சித்திரை மாதங்களே இக்கலைஞர்களின் முதன்மையான வருவாய்க் காலம். அம்மாதங்களில் கிடைக்கும் நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையே அவர்களின் ஆண்டு முழுமைக்குமான வாழ்வைத் தீர்மானிக்கிறது.

இசை நாடகம்: தூத்துக்குடியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகளின் (1867-1922) வள்ளி திருமணம், பவளக்கொடி முதலிய நாடகங்கள் கொடை விழாக்களில் விடிய விடிய நடிக்கப்பட்டன. நடிகர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து ஒத்திகை இன்றி மேடையில் இணைந்து நடிப்பதால் இது 'ஸ்பெஷல் நாடகம்' எனவும் அழைக்கப்படுகிறது.

காவடிச் சிந்து: சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் (1865-1891) கழுகுமலை முருகன் மீது பாடிய காவடிச் சிந்து, காவடி எடுத்து நடப்பவர்களின் நடைக்கும் ஆட்டத்துக்கும் ஏற்ற சந்தங்களைக் கொண்டது. நடைப்பயண வழியில் பிறந்த இவ்வடிவம் பின்னர்க் கருநாடக இசை மேடைகளிலும் இடம்பெற்றது.

எட்டயபுரமும் செவ்விசையும்

எட்டயபுரம் ஜமீன் இசைவாணர்களையும் புலவர்களையும் ஆதரித்து வந்தது. கருநாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் 1835ஆம் ஆண்டு தீபாவளி நாளில் எட்டயபுரத்தில் காலமானார். அவரது நினைவிடம் அங்கு உள்ளது. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் எட்டயபுரம் அரசவைக் கலைஞராக விளங்கியவர். வயலினைக் கருநாடக இசைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர். சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் அச்சிடப்பட்டது.

சீறாப்புராணத்தை இயற்றிய உமறுப் புலவரின் அடக்கத்தலமும் எட்டயபுரத்தில் உள்ளது. சுப்பிரமணிய பாரதியார் 1882ஆம் ஆண்டு டிசம்பர் 11 அன்று இவ்வூரில் பிறந்தார். கல்கி முன்னின்று திரட்டிய நிதியைக் கொண்டு எழுப்பப்பட்ட பாரதி மணிமண்டபம் 1947ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. ஆண்டுதோறும் பாரதியாரின் பிறந்த நாளில் இங்கு விழா நடைபெறுகிறது.

இராக ஆலாபனைக்குப் பெயர்பெற்ற விளாத்திகுளம் சுவாமிகள் (1889-1965), பிற்காலத்தில் கோவில்பட்டியில் வாழ்ந்த நாகசுரக் கலைஞர் காருக்குறிச்சி அருணாசலம் (1921-1964) ஆகியோரும் இவ்வட்டாரத்துடன் தொடர்புடையவர்கள். காருக்குறிச்சியாரின் நாகசுர இசை 'கொஞ்சும் சலங்கை' (1962) திரைப்படத்தின் வழியாகத் தமிழகம் முழுவதும் பரவியது.

மாட்டு வண்டிப் பந்தயம்

மதுரை, சிவகங்கை மாவட்டங்களின் சல்லிக்கட்டுக்கு இணையான இடத்தை இவ்வட்டாரத்தில் மாட்டு வண்டிப் பந்தயம் பெற்றுள்ளது. கோயில் விழாக்களையும் தலைவர்களின் நினைவு நாட்களையும் ஒட்டி, பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு எனப் பல பிரிவுகளில் நெடுஞ்சாலைகளில் பந்தயம் நடத்தப்படுகிறது. 2014ஆம் ஆண்டு மே 7 அன்று உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டுடன் இப்பந்தயத்தையும் தடை செய்தது. 2017ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டத் திருத்தத்துக்குப் பின் பந்தயங்கள் மீண்டும் நடைபெறுகின்றன. அத்திருத்தம் செல்லும் என 2023ஆம் ஆண்டு மே 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது.

திருவிழாவும் உரிமையும்

திருவிழாக்கள் ஊரை ஒன்றுகூட்டும் நிகழ்வுகளாக மட்டும் இருந்ததில்லை. யார் வடம் பிடிப்பது, எந்தத் தெருவழியாக ஊர்வலம் செல்வது, எவருக்கு முதல் மரியாதை என்பன சமூகப் படிநிலையைப் பொதுவெளியில் உறுதிசெய்யும் கேள்விகளாகவும் இருந்தன. கழுகுமலைத் தேர் வீதிகளில் ஊர்வலம் செல்லும் உரிமை நாடார் சமூகத்தினருக்கு மறுக்கப்பட்டது. அவர்களுள் ஒரு பகுதியினர் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினர். 1895ஆம் ஆண்டு பங்குனி உத்திரத் தேரோட்டத்தின் போது இப்பூசல் கலவரமாக மூண்டு உயிரிழப்புகள் ஏற்பட்டன. 1899ஆம் ஆண்டின் சிவகாசிக் கலவரத்துக்கு முன்னோடியாக இந்நிகழ்வு கருதப்படுகிறது. இவ்விரு நிகழ்வுகளையும் உள்ளடக்கிய பூமணியின் 'அஞ்ஞாடி' புதினம் 2014ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருதைப் பெற்றது.

சிற்றூர்க் கொடைகளுக்கான செலவு தலைக்கட்டு வரி மூலம் குடும்பங்களிடமிருந்து திரட்டப்படுகிறது. ஒரு குடும்பத்திடம் வரி பெறப்படுவது அக்குடும்பம் ஊரின் உறுப்பு என்பதற்கான ஏற்பாகும்; வரி வாங்க மறுப்பது விலக்கி வைத்தலுக்கு ஒப்பானது. இதனால், வெளியூர்களுக்குக் குடிபெயர்ந்தவர்களும் வரி செலுத்துவதைத் தவறாமல் பின்பற்றுகின்றனர்.

விழாக்களும் தொழில்களும்

வேளாண்மை ஆண்டில் சில மாதங்களே வேலை தருவதால், கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசிப் பகுதிகளில் 20ஆம் நூற்றாண்டில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்கள் வளர்ந்தன. மழையற்ற வறண்ட காலநிலை இத்தொழில்களுக்கு உகந்ததாக அமைந்தது. தீபாவளி நாடெங்கும் ஒருநாள் கொண்டாட்டம். இவ்வட்டாரத்தின் பல ஊர்களுக்கோ அது ஓராண்டு உழைப்பின் முடிவாகும். பேரியம் உப்பைப் பயன்படுத்தத் தடை, பசுமைப் பட்டாசு ஆகியவை குறித்த உச்ச நீதிமன்றத்தின் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பு இங்குள்ள தொழிலாளர்களின் வேலைவாய்ப்பைப் பாதித்தது. சிவகாசியில் ஆடிப்பெருக்கு நாளில் அடுத்த ஆண்டுக்கான நாட்காட்டி மாதிரிகளை வெளியிடுவது அச்சுத் தொழிலின் வழக்கமாகும்.

திருவிழாக் கடைகளில் முதன்மையாக விற்கப்படும் தின்பண்டங்களுள் ஒன்று நிலக்கடலையும் வெல்லப்பாகும் சேர்த்துச் செய்யப்படும் கடலை மிட்டாய் ஆகும். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. சனிக்கிழமைகளில் கூடும் எட்டயபுரம் ஆட்டுச்சந்தையில் தீபாவளி, பக்ரீத், கொடைக் காலங்களில் வணிகம் பெருகுகிறது.

பதிவுகளும் இலக்கியமும்

பேராசிரியர் நா. வானமாமலை தொகுத்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' (1964) நூலுக்காகக் கரிசல் ஊர்களிலிருந்தும் பாடல்கள் திரட்டப்பட்டன. விளாத்திகுளம் பகுதியைச் சேர்ந்த எஸ். எஸ். போத்தையா இவ்வட்டாரப் பாடல்களைத் திரட்டியவர்களுள் குறிப்பிடத்தக்கவர். கட்டபொம்மு கதைப்பாடலையும் வானமாமலை பதிப்பித்தார்.

இடைசெவல் ஊரைச் சேர்ந்த கி. ராஜநாராயணன் (இறப்பு 2021) கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை வெளியிட்டார். நாட்டுப்புறக் கதைகளையும் தொகுத்தார். அவருடைய 'கோபல்லபுரத்து மக்கள்' 1991ஆம் ஆண்டு சாகித்திய அகாதமி விருது பெற்றது. அதே ஊரினரான கு. அழகிரிசாமியும் இவரும் விளாத்திகுளம் சுவாமிகளின் இசையில் ஈடுபாடு கொண்டவர்கள். கண்மாயையும் அதைச் சார்ந்த வழக்கங்களையும் பேசும் சோ. தர்மனின் 'சூல்' 2019ஆம் ஆண்டு அதே விருதைப் பெற்றது.

மாற்றங்கள்

உழவு மாடுகளின் இடத்தை உழுவை இயந்திரங்கள் பிடித்ததால் பொன்னேர் பூட்டும் வழக்கம் பல ஊர்களில் அருகிவிட்டது. சில ஊர்களில் உழுவை இயந்திரங்களுக்கே மாலையிட்டு இச்சடங்கு நடத்தப்படுகிறது. கம்பு, சோளம் ஆகியவற்றின் பரப்புக் குறைந்து மக்காச்சோளம் பெருகியதாலும், விதைகள் கடைகளில் வாங்கப்படுவதாலும் முளைப்பாரிக்கும் வீட்டு விதைக்கும் இருந்த தொடர்பு குறைந்துள்ளது. எனினும் முளைப்பாரி எடுத்தல் தொடர்ந்து நடைபெறுகிறது.

கொடை விழாக்களில் இசை நாடகம், வில்லுப்பாட்டு ஆகியவற்றின் இடத்தைத் திரையிசை ஆடல் பாடல் நிகழ்ச்சிகள் பெருமளவில் பிடித்துள்ளன. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாப் பெருந்தொற்றுக் கட்டுப்பாடுகள் பங்குனி, சித்திரை மாதங்களிலேயே நடைமுறையில் இருந்தன. அக்காலமே நாட்டார் கலைஞர்களின் முதன்மையான வருவாய்க் காலம் என்பதால், இரு ஆண்டுகள் தொடர்ந்து அவர்கள் கடும் இழப்புக்கு உள்ளாயினர்.

மறுபுறம், தேவராட்டம், ஒயிலாட்டம் போன்ற கலைகள் கல்வி நிலையங்களிலும் அரசு விழாக்களிலும் இடம்பெற்றுப் புதிய ஆட்டக்காரர்களைப் பெற்றுள்ளன. சென்னை, கோயம்புத்தூர், திருப்பூர் முதலிய நகரங்களில் வேலை செய்வோர் பொங்கலையும் ஊர்க் கொடையையும் ஒட்டி ஊர் திரும்புகின்றனர். அவர்களின் விடுமுறைக்கு ஏற்பக் கொடை நாளைத் தள்ளி வைக்கும் வழக்கமும் உருவாகி வருகிறது. மழையும் அறுவடையும் வகுத்த நாட்காட்டியில் இவ்வாறு நகர வாழ்வின் விடுமுறையும் ஒரு பருவமாகச் சேர்ந்துள்ளது.